ஆறு வருஷம் ஆச்சு, அடுத்து எதைப் படிப்பது?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார்:

"காக்கா, ஆறு வருஷமாக ஜாவா, ஸ்பிரிங் பூட், கொஞ்சம் ரியாக்ட் என்று சாஃப்ட்வேர் வேலை. சென்னைக் கம்பெனி. கொரோனாவில் ஊருக்கு வந்தவன், இங்கிருந்தே வேலை பார்க்கிறேன். டிக்கெட் டிக்கெட்டாகக் கொடுக்கிற வேலையை முடித்துவிடுகிறேன், யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் போன வருஷம் தெரியாதது இந்த வருஷம் என்ன தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டி ஒன்றையும் முடிக்கவில்லை. ஒரு இன்டர்வியூவில் சிஸ்டம் டிசைன் கேள்வியில் திணறிவிட்டேன். ஏஐ வேறு வந்துவிட்டது. கோ படிக்கவா, குபெர்னெட்டிஸ் படிக்கவா? இல்லை, பெங்களூருக்கே கிளம்பிவிடவா?"

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். வெளியூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம்.

தம்பி, கோ என்ற மொழியா, பல சர்வர்களில் ஆப்களை ஓட்டும் குபெர்னெட்டிஸா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். உங்கள் கம்பெனியில் ஏற்கெனவே எது ஓடுகிறதோ அதைப் படியுங்கள். இரண்டுமே ஓடவில்லை என்றால் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆறு வருஷம் ஒரு மொழியில் எழுதியவருக்கு இன்னொரு மொழி ஒரு மாதத்தில் வந்துவிடும். வந்த பிறகும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பெங்களூரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் வளர்வதற்கு நாம் ஒன்றும் மெனக்கெட வேண்டியதில்லை. எதைத் தொட்டாலும் புதுசு. கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்றால் என்ன என்பதில் தொடங்கி, மேனேஜரிடம் "இது எனக்குத் தெரியாது" என்று எப்படிச் சொல்வது என்பதுவரை வேலையே சொல்லிக் கொடுத்துவிடும். நாலஞ்சு வருஷத்தில் கை பழகிவிடுகிறது. ஒரு டேபிள், நாலு ஏபிஐ, இரண்டு டெஸ்ட், தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதிவிடுவோம். உங்களுக்குச் சோம்பல் வந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டை சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. டிக்கெட் முடிந்ததும் அடுத்த டிக்கெட் வந்துவிடுகிறது. நீங்கள் எழுதியது எட்டு மாதம் கழித்து என்ன ஆனது, யாரைப் படுத்தியது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். அதில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது முக்கால்வாசி, நான் எழுதியது பின்னால் எப்படி உடைந்தது என்று கூடவே இருந்து பார்த்ததில் வந்தது.

ஒன்றைச் சொல்கிறேன். துபாயில் வேலை பார்த்தபோது, ஏழெட்டு கிளை உள்ள ஒரு துணிக்கடைக்கு அன்றாட விற்பனைக் கணக்கு ரிப்போர்ட் எழுதினேன். சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. துபாய் நேரம் அதைவிட நாலு மணி நேரம் முன்னால். நான் நாளைப் பிரித்தது சர்வரின் தேதியை வைத்து. அதாவது துபாயில் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை நாலு மணிவரை நடக்கும் விற்பனை முந்தைய நாள் கணக்கில் விழும். டெஸ்ட் எல்லாம் பாஸ். கடைக்காரருக்கும் சந்தோஷம். கடை ராத்திரி பத்து, பதினொன்றுக்கு அடைத்துவிடும் என்பதால் ஏழு மாதம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் நோன்பு வந்தது. தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து ஜனம் கடைக்கு வரும், வியாபாரம் ஒரு மணி, இரண்டு மணிவரை ஓடும். கல்லாவில் எண்ணிய பணத்துக்கும் என் ரிப்போர்ட்டுக்கும் தினமும் இடித்தது. ஒருநாள் கூட, ஒருநாள் குறைய. இரண்டு நாள் கல்லாவில் இருந்த பையன்கள் மேல்தான் சந்தேகம். அதில் ஒரு பையன் தொண்டிக்காரன், நம்ம பக்கத்துப் பிள்ளை. அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். என்னுடைய ஒரு வரிக்காக. மூன்றாம் நாள் நான் போய் மணி வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. திருத்த ஐந்து நிமிஷம் ஆனது. அந்தப் பையனிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

நேர மண்டலம் பற்றி அதற்கு முன்பே நான் படித்திருந்தேன். தேர்வு வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். ஆனால் "இன்று" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் "யாருடைய இன்று?" என்று கேட்கும் பழக்கம் அந்த நோன்பு மாதத்துக்கு அப்புறம்தான் வந்தது. ஆறாம் மாதமே வேறு கம்பெனிக்கு மாறியிருந்தால் அது எனக்கு வந்தே இருக்காது. நான் ஒரு நல்ல ரிப்போர்ட் எழுதியவன் என்றே இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் முதல் வேலையாக, போன ஒன்றரை வருஷத்தில் நீங்கள் முடித்துக் கொடுத்ததில் மூன்றை எடுங்கள். இப்போது அது எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா? சர்வர் எழுதிவைக்கும் லாகில் என்ன எரர் வருகிறது? அந்த ஃபைலின் கிட் வரலாற்றைத் திறந்து, உங்களுக்குப் பின்னால் யார் என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று வாசியுங்கள். உங்கள் கோட் வரிகளைச் சுற்றி இன்னொருவர் நாலு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தால், நீங்கள் போட்ட திட்டத்தில் எங்கே இடறல் என்பது அதிலேயே தெரியும். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. அதோடு, ராத்திரி நேரம் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனில் பிரச்சினை வந்தால் எழுப்பப்படும் ஆட்களின் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாரும் தப்பிக்கப் பார்க்கிற வேலை அது, கேட்டால் உடனே தந்துவிடுவார்கள்.

இரண்டாவது, நீங்கள் நிற்கிற தளத்துக்கு ஒரு தளம் கீழே இறங்குவது. பத்து தளம் வேண்டாம், ஒன்று போதும். ஸ்பிரிங்கில் எழுதுகிறீர்கள், கீழே ஹைபர்னேட் இருக்கிறது, அது உங்கள் சார்பாக டேட்டாபேஸிடம் என்ன கேட்கிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா? அந்தக் கேள்விகளைப் பதியும் எஸ்க்யூஎல் லாகை ஒருநாள் திறந்துவிட்டு ஒரு பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். 400 ஆர்டரைப் பட்டியலிடும் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்களுக்கு ஒரு க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொரு ஆர்டரின் வாடிக்கையாளர் பெயருக்கும் ஒரு க்வெரி. மொத்தம் 401. உங்கள் லேப்டாப்பில் டேட்டாபேஸும் அதே லேப்டாப்பில் இருப்பதால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆப் ஒரு ஊரிலும் டேட்டாபேஸ் கடல் தாண்டி இன்னொரு ஊரிலும் இருந்து, ஒருமுறை போய்வர 60 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால், 400 தடவைக்கு 24 செகண்ட். இதே கணக்கில் மாட்டி, சர்வரைப் பெரிதாக்கச் சொல்லிப் பணம் கட்ட வைத்த டீமில் நானும் இருந்திருக்கிறேன். சர்வர் இரண்டு மடங்கு பெரிதானது, பக்கம் அதே 24 செகண்டில்தான் திறந்தது. தூரத்துக்கு சர்வர் என்ன செய்யும்?

இது பழகியதும் இன்னொரு படி இறங்கலாம். உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸாக இருந்தால் க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டு, டேபிள் முழுவதையும் அலசுகிறதா, இன்டெக்ஸைப் பிடித்துப் போகிறதா என்று பாருங்கள். நகரம், பெயர் என்ற வரிசையில் போட்ட இன்டெக்ஸ் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏன் பெரும்பாலும் உதவாது என்று யோசியுங்கள். ஊர் வாரியாக அடுக்கிய டெலிபோன் புத்தகத்தில், ஊர் தெரியாமல் ஒரு பெயரைத் தேடுவது போலத்தான். இவ்வளவுக்கும் கோர்ஸ் வேண்டாம். உங்கள் கம்பெனியின் டேட்டாபேஸே பாடப்புத்தகம்.

கீழே இறங்கிப் பார்க்கிற குணத்துக்கு நான் எல்லாரிடமும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை செகண்ட் கூடுதலாக எடுப்பது கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் "நெட் ஸ்லோ" என்று விட்டிருப்போம். அவர் விடவில்லை. நூல் பிடித்துப் போனால், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருள் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தார்கள். வைத்தவர் அந்தத் திட்டத்தில் இரண்டு வருஷத்துக்கும் மேலாக உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்த ஆள். லினக்ஸ் ஓடும் கணக்கற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் அது பிடிபட்டது. அந்த அரை செகண்ட் "ஏன்?" என்று ஒருவர் கேட்டதால்.

மூன்றாவதாகச் சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளும். பயிற்சிக்காக, வேலைகளைப் பட்டியலிடும் டூ-டூ ஆப் எழுதாதீர்கள். நாளைக் காலையில் உங்களைத் திட்டக்கூடிய ஒரு ஆளுக்கு எழுதுங்கள்.

என் மச்சானுக்கு இங்கே மீன் கமிஷன் கடை. ஏலம், ஐஸ், டீசல் முன்பணம், எல்லாக் கணக்கும் நீள நோட்டில். ஒரு லீவில் "நான் ஆப் எழுதித் தர்றேன் மச்சான்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் போதும் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் அடி, பதிவு இரட்டிப்பது. வல்லம் (நாட்டுப்படகு) கரைக்குத் திரும்பும் வழியிலேயே மீனைத் தரம் பிரித்து, எத்தனை பெட்டி என்று போனில் போட்டுவிடுவார்கள். சிக்னல் வரும், போகும். "சேமி" பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? இன்னும் நாலு தடவை அழுத்துவார். கரைக்கு வந்ததும் ஒரு பெட்டி கணவாய் ஐந்து பெட்டியாக நிற்கும். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண்ணை உருவாக்கி, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் புதிதாக எழுதக் கூடாது என்று வைத்தபோதுதான், ஐடெம்பொட்டன்ஸ் என்று இன்டர்வியூவில் ஒப்பிக்கும் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரிந்தது.

இரண்டாவது அடி, படகில் போட்ட எடையும் கடையில் போட்ட எடையும் மோதுவது. கடைசியாக எழுதியது எதுவோ அதை வைத்துக்கொள் என்று புத்தகத்தில் உள்ளபடி செய்தேன். மச்சான் கத்தினார். கடைத் தராசில் நிறுத்ததுதான் எடை, படகுக்காரன் அப்புறம் நூறு தடவை மாற்றினாலும் செல்லாது என்றார். அந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை, அது ஏலக் கொட்டகையில் இருந்தது.

அப்புறம் பங்கு. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியில், மச்சான் கணக்கில் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு. 17,530 ரூபாய் மீதி என்றால் ஆட்கள் பங்கு 8,765. ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,460 ரூபாய் 83 காசு, அதற்கு மேலும் முடியாமல் ஓடும். துல்லியம் பிசகும் ஃப்ளோட் எண்ணில் பணத்தை வைக்கக் கூடாது, காசாக மாற்றி முழு எண்ணில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெருமையாக ரவுண்டிங் விதிகளைப் பற்றி மச்சானிடம் கேட்டேன். "ஆளுக்கு 1,460 குடு. மிச்சம் அஞ்சு ரூபா டீக்குப் போகும்" என்றார். இன்றைக்கும் அந்த டேபிளில் டீக்கு என்று ஒரு தனிக் கட்டம் இருக்கிறது. கணக்கு ஒரு பைசா இடிப்பதில்லை.

தமிழ் தந்த அடி தனி. "ஜோசப்" என்று தேடினால் பாதி ஜோசப்புகள் வரவில்லை. யூனிகோடில் ஜோ என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே எழுத்துக்குறியாக வருவது ஒன்று, இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்து ஒட்டிக்கொள்வது இன்னொன்று. திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். டேட்டாபேஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பழைய ஃபான்ட்டிலிருந்து மாற்றிய பட்டியல் ஒரு விதமாகவும், போனில் தட்டியது இன்னொரு விதமாகவும் இருந்தன. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஏல விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பப் போனால் அதிலும் ஒரு பாடம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் "கீழக்கரை" என்று எழுதினாலே எட்டு போய்விடும். நான் அழகாக எழுதிய ஒரு செய்தி மூன்று எஸ்எம்எஸ்ஸாகப் போய் மச்சானுக்கு மூன்று மடங்கு பில் வந்தது. மீன் பெயர், எடை, விலை, வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவரே வெட்டிக் கொடுத்தார். நல்ல எடிட்டர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். கடைக்கு வரத்து குறையும். படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பார்கள். டேபிள் அமைப்பை மாற்றுவது, பழைய கணக்கை நகர்த்துவது மாதிரியான பயமான வேலைகளை நானும் அப்போதுதான் வைத்துக்கொள்வேன். ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று ஆசை வந்தது. நடுநிலை டெவலப்பருக்கு வரும் தீராத ஆசை அது, உங்களுக்கும் இருக்கும். பாம்பன் நினைவுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டேன். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுசு முடிவதற்குள் பழையதால் தாங்க முடியவில்லை, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுசு திறக்கும்வரை ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தோம். அங்கே ரோட்டுப் பாலம் இருந்தது. மச்சான் கடைக்கு வேறு பாலம் கிடையாது. அதனால் ஒரு டேபிள், ஒரு பக்கம் என்று பழையது ஓட ஓடவே மாற்றினேன்.

உங்களுக்கு மச்சான் கடை வேண்டியதில்லை. நம்ம ஊர் இனிப்பான தொதல் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். ஆர்டர், பார்சல், பாக்கி என்று அவர்களுக்கும் நோட்டு இருக்கும். கேட்டுப் பாருங்கள். காசு வாங்காதீர்கள், ஆனால் திட்டு வாங்குங்கள்.

இன்டர்வியூவில் திணறியதாகச் சொன்னீர்களே, அதற்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. சிஸ்டம் டிசைன், அதாவது ஒரு பெரிய மென்பொருளை எப்படிக் கட்டுவது, என்றதும் நம் பிள்ளைகள் காஃப்கா, ரெடிஸ், மைக்ரோசர்வீஸ் என்று பெட்டி பெட்டியாக வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து நூற்றுக்கு மேல் இன்டர்வியூ எடுத்திருக்கிறேன். நான் எதிர்பார்ப்பது முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 86,400 செகண்ட். தினம் பத்து லட்சம் கோரிக்கை என்றால் பயமாக இருக்கிறது, வகுத்தால் சராசரியாக செகண்டுக்கு 12கூட இல்லை. கூட்டமான நேரத்துக்குப் பத்து மடங்கு வைத்தாலும் 120. ஒரு நல்ல டேட்டாபேஸ் இதைத் தாங்கும். மச்சான் கடையில் நாளைக்கு 600 பதிவு, வருஷத்துக்கு இரண்டேகால் லட்சம் வரிசைகூடத் தேறாது. எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸின் ஃபைல் ஒன்று போதும், அதில்தான் ஓடுகிறது. எத்தனை பேர், எவ்வளவு டேட்டா, எது தாமதமானால் பரவாயில்லை, எது தொலைந்தால் தலை போகும் என்று கேட்டுவிட்டுப் பெட்டி வரையத் தொடங்குகிறவரை நான் உடனே எடுத்துவிடுவேன்.

வாசிப்பு பற்றியும் கேட்பீர்கள். ஃப்ரேம்வொர்க் கட்டுரைகளைவிட, கம்பெனிகள் தங்கள் சறுக்கலைப் பற்றி வெளிப்படையாக எழுதுகிற அறிக்கைகளை வாசியுங்கள். கோட் சேமிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் கம்பெனி 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பற்றி எழுதியது நல்ல தொடக்கம். ராத்திரி நேரம், களைத்துப்போன இன்ஜினியர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். பேக்கப் இருக்கிறதே என்று போனால், பேக்கப் கருவியின் பதிப்பு டேட்டாபேஸோடு பொருந்தாமல் அது ரொம்ப நாளாக எடுக்கப்படவே இல்லை. தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்களும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன, யாருக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. வாசித்துவிட்டு, "நம் பேக்கப்பைக் கடைசியாக எப்போது திரும்ப ஏற்றிப் பார்த்தோம்?" என்று உங்கள் டீமில் கேளுங்கள். சத்தமே வராது என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கோர்ஸுக்குச் சமம்.

ஊரிலிருந்து வேலை பார்ப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பக்கத்து மேசையில் சீனியர் இருவர் வாதாடுவது தானாகக் காதில் விழும் வாய்ப்பு நமக்கு இல்லை. அதற்கு ஈடு எழுத்துதான். பெரிய வேலை வந்தால் கோட் எழுதும் முன் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: பிரச்சினை இது, இரண்டு வழி இருக்கிறது, நான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன், காரணம் இது. எழுதும்போதே உங்கள் ஓட்டைகள் உங்களுக்குத் தெரிந்துவிடும், தெரியாததைச் சீனியர்கள் வந்து சொல்வார்கள். ஆங்கிலம் தடுக்கிறதா? முதலில் தமிழில் எழுதுங்கள். நான் இன்றைக்கும் சிக்கலான விஷயத்தைத் தமிழில் யோசித்து எழுதிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். மீட்டிங்கில் வாய் திறக்காத நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பல பேருக்கு விஷயம் தெரியாமல் இல்லை, சொல் வர நேரமாகிறது. மீட்டிங்குக்கு முந்தைய நாளே எழுதி அனுப்பிவிட்டால் பேச வேண்டிய பாதி பேசியாகிவிட்டது.

ஏஐ பற்றிச் சுருக்கமாக. நான் தினமும் பயன்படுத்துகிறேன், பயப்பட ஒன்றுமில்லை, கும்பிடவும் ஒன்றுமில்லை. ஒரே கட்டுப்பாடு: ஒரு வரியை ஏன் அங்கே வைத்தது என்று என்னால் சொல்ல முடியாவிட்டால் அது கமிட்டில், அதாவது நான் ஒப்படைக்கும் மாற்றத்தில், போகாது. கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமாக இருந்தால் முதலில் நானே எழுதுவேன், அப்புறம் "இதில் என்ன தப்பு?" என்று அதனிடம் கேட்பேன். தெரிந்த, அலுப்பான வேலையென்றால் அதையே எழுதச் சொல்லிவிடுவேன். இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் ஒரு வருஷத்தில் கை மறந்துவிடும். அதுவும் நன்றாக, தன்னம்பிக்கையோடு தப்பு செய்யும். துணிக்கடை ரிப்போர்ட்டை அதை எழுதச் சொன்னால், கேட்காவிட்டால் அதுவும் சர்வர் தேதியை வைத்து நாளைப் பிரிக்கக்கூடும். நோன்பில் கடை எத்தனை மணிக்கு அடைக்கும் என்று அதற்கு யார் சொல்வது?

நேரம். குழந்தை குட்டி இருக்கும், அதனால் வாரத்துக்கு இருபது மணி நேரம் என்று கனவு காண வேண்டாம். சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்கு அப்புறம் நாளுக்கு முக்கால் மணி நேரம், வாரத்தில் நாலு நாள், போதும். முடிக்காத மூன்று கோர்ஸையும் மறந்துவிடுங்கள். பணம் போனது போனதுதான்.

சரி, பெங்களூர். உங்கள் டீமில் உங்களைவிடத் தெளிவாக யோசிக்கிற ஒரு ஆளாவது இருந்து, அவர் உங்கள் கோட் வரிகளை வாசித்துக் கருத்துச் சொல்கிறார் என்றால் இங்கேயே இருங்கள். அப்படி யாருமே இல்லை, நீங்கள்தான் டீமில் கெட்டிக்காரர் என்றால் கிளம்ப வேண்டியதுதான். ஊர் பெயருக்காகப் போகாதீர்கள், அந்த ஆளைத் தேடிப் போங்கள். இன்டர்வியூவில் "என் கோட் வரிகளை யார் ரிவ்யூ செய்வார்? அவரோடு அரை மணி நேரம் பேசலாமா?" என்று கேளுங்கள். சம்பளத்தைவிட அந்த அரை மணி நேரம் நிறையச் சொல்லும். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பலாம். ராமநாதபுரத்துக்கு ரயில் எப்போதும் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒன்று. மச்சான் ஆப்பில் இந்த வாரம் ஒரு பக் வந்திருக்கிறது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு வல்லத்தில் போனால் டீக் கணக்கு ஒன்றில் மட்டும் விழுகிறது. எனக்கு நேரமில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜெட்டிப் பக்கம் கடைக்கு வாருங்கள், லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு. மச்சான் கொஞ்சம் கத்துவார்.